எதிர்முடி நாயின் இடப்பக்கம்

ஜூன் 3

என் அருமை மருமகளுக்கு,

மாமா எழுதுவது. எந்த மாமா என்று கேட்காதே. உனக்கு இருப்பது ஒரே மாமா, அந்த ஒருவனும் பத்துப் பேருக்குச் சமம் என்று இந்தத் தெருவே சொல்லும்.

நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். கால்நடை ஆஸ்பத்திரிச் சுவரில் நான் வரைந்த நாயின் இமைமுடியை நீ ஏணி வைத்து ஏறி அழித்தாயே, அந்த நாளிலிருந்து கோபம். டாக்டர் சொன்னாராம், நீ செய்தாயாம். மாமாவிடம் ஒரு வார்த்தை? அந்த இமைமுடிக்காகத்தானே ஊரில் எனக்குக் கண்மை மாஸ்டர் என்று பட்டமே கொடுத்திருக்கிறார்கள்? நீ போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்காததற்கு அதுதான் காரணம். இப்போது மனம் இரங்கி நானே செய்தால் உனக்கு லைன் போகவில்லை.

"அங்க டவர் கிடையாதுடா," என்று உன்னைப் பெற்ற என் அக்கா சொன்னாள். "ஏரிக்கரையில ஏதோ பெரிய வீடாம். பழைய படங்களையெல்லாம் சுத்தம் பண்ற வேலை. அத்தனையும் நாய்ப் படமாம். முதுகுல முடி தலைப்பக்கம் பார்த்து வளர்ற நாயாம்."

கையில் இருந்த டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தேன். போட்டு உடைத்தான் என்று அக்கா உனக்கு எழுதுவாள், நம்பாதே.

மருமகளே, அந்த வீட்டில் உன் மாமா எப்போதோ கால் வைத்தாயிற்று! உனக்குப் பால்பல் முளைக்காத காலம். ஆள் அனுப்பி அழைத்தார்கள். "இத்தனை ஆர்ட்டிஸ்ட் இருக்கும்போது நான் ஏன்?" என்றேன். "நாய் வரைய உங்களை விட்டால் ஆளில்லை" என்றார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது. போனேன். வரைந்தேன். படத்தைப் பார்த்து அந்த வீட்டம்மா விம்மி விம்மி அழுதாள். அழகு தாங்கவில்லை. இங்கேயே இருந்துவிடுங்கள் என்று காலில் விழாத குறை. "என் தெரு என்னைத் தேடுமே" என்று சொல்லிக் கிளம்பினேன். அந்த அன்புத் தொல்லையில் என் இடது கால் செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. நினைவுப் பரிசாக வைத்துக்கொள்ளட்டும்.

ஏழாவது வரை படித்தவன்தான் நான். அதில் ஆறாவதை இரண்டு தடவை படித்ததால் கணக்குப்படி எட்டாவது. ஆனால் உன் ஓவியக் கல்லூரிக்காரர்கள் படம்கூட ஏறாத இடத்தில் என் படம் மாட்டியிருக்கிறது. எந்த இடம்? வெளிச்சம் படுகிற இடம்தானே? பார்த்து எழுது.

கோபத்துடன்,
மாமா


ஜூன் 9

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் என்றால், இந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர், நாய் ஒன்று. சொந்தக்காரர்களை இதுவரை நான் பார்க்கவில்லை.

சுவர் விஷயத்தில் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு. நாய்க்குச் சுருட்டிவிட்ட இமைமுடி வைத்தது உங்கள் தப்பு. சரியாகப் போயிற்றா?

இங்கே ஒரு நீளக் கூடம். ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஏரி. எதிர்ச்சுவர் முழுக்க எதிர்முடி நாய்கள். ஒரு நாய் போய் அடுத்தது வளர்ந்ததும் அதற்கு ஒரு படம், அதற்கு ஓர் ஓவியர். மாமா, ஒருவராவது இந்த நாயை நாயாக வரையவில்லை. முதல் ஆள் குதிரை வரைந்து பழகியவர் போல. நாய்க்குக் குதிரைக் கழுத்து. அடுத்தவர் முதுகு முடியைத் தீக்கொழுந்தாக எரிய விட்டிருக்கிறார். இன்னொருவர் அதை நிழல் என்று நினைத்துக் கறுப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டார். ஒருவர் யாரோ நீதிபதியின் நெற்றியை எடுத்து நாய்க்கு வைத்திருக்கிறார். தனக்குத் தெரிந்த எதையோ அவரவர் இந்த நாய்மேல் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

கண் மட்டும் எல்லாப் படத்திலும் ஒன்றேதான். கழுவி வைத்த கூழாங்கல் நிறம். அது நம்மைப் பார்ப்பதில்லை. நம் தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்னால் பார்க்கிறது. முதல் நாள் வேலை செய்யும்போது பல முறை திரும்பிப் பார்த்தேன். உயிரோடிருக்கும் நாயும் அப்படியே பார்க்கிறது. குரைப்பதில்லை. போட்டோ எடுத்தால் அசைந்த மாதிரிதான் விழுகிறது, அசையாமல் உட்கார்ந்திருந்தாலும்.

உங்கள் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மாடிப்படிக்குக் கீழே, விளக்குமாறுகளோடு இருந்தது. அழுதவர் யாரென்று தெரியவில்லை. வீட்டம்மா சொன்னது இதுதான்: "ஓ, அந்த ஆளா? கல்யாணப் பொண்ணு மாதிரி நாய்க்குக் கண்ணை எழுதி வெச்சாரே? தொரத்தி விட்டோம்." இமைமுடி அப்படியே இருக்கிறது. முன்காலில் ஐந்து விரல், அதில் கட்டைவிரல் தனியாக. தரையில் பதிவது நான்குதான் மாமா! பக்கத்திலேயே உங்கள் செருப்பும் இருந்தது.

ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும். எல்லாப் படத்திலும் நாயின் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் காலியிடம் இருக்கிறது. அழுக்கை எடுக்க எடுக்க அந்த இடத்தில் உண்மையிலேயே ஓர் ஆள் தெரிகிறார். வரைந்துவிட்டு, மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள். வருஷங்கள் போனால் மேல்பூச்சு மெலிந்துவிடும், அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். அது சாதாரணம்தான். ஆனால் எல்லாப் படத்திலுமா? நாயின் முதுகில் ஒரு கை, அதற்கு மேலே புகைபோல ஒரு முகம். உங்கள் காலத்தில் நாயோடு யாராவது நின்றார்களா?

இப்போதுள்ள நாய்க்கும் படம் வேண்டுமாம். சுத்தம் செய்து முடித்ததும் என்னையே வரையச் சொல்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 14

அருமை மருமகளே,

விளக்குமாறோடு வைத்திருக்கிறார்களா! பாதுகாப்பு மருமகளே, பாதுகாப்பு. கூடத்தில் மாட்டினால் ஏரி வெயில் பட்டு நிறம் போய்விடும். மற்றவற்றைச் சுவரில் காயவிட்டு என்னுடையதைத்தான் நிழலில் வைத்திருக்கிறார்கள். இதுகூடப் புரியாமல் என்ன பட்டப் படிப்பு?

இமைமுடியைப் பற்றி ஒரே வார்த்தை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் வரைந்த நாய்ப் பலகையைப் பார்த்து ஒரு மனிதர் தன் பெண்ணுக்கு அந்த நாயைப்போல் கண்ணுள்ள மாப்பிள்ளை வேண்டும் என்றார். பெயர் விலாசம் எல்லாம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

சரி, நீ கேட்ட ஆளுக்கு வருகிறேன். ஆமாம், நின்றார். அந்த நாய் தனியாக நிற்காது. இடப்பக்கம் ஓர் ஆள் நின்று முதுகில் கை வைத்தால்தான் நிற்கும். ஆளையும் சேர்த்து வரைய வேண்டும், இல்லாவிட்டால் நாயின் நிழல் ஒழுங்காக விழாது. எல்லாம் முடிந்ததும் ஆளை மட்டும் பூசி மறைக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டு முறை.

எனக்கு நின்றவர் ஒரு பெரியவர். மெலிந்த ஆள், நகக்கண்ணில் நீல வண்ணம். "என்ன பெரியவரே, நீங்களும் நம்ம லைனா?" என்று கேட்டேன். "ஒரே ஒரு படம் வரைஞ்சேன் தம்பி," என்று சுவரில் கடைசியாக இருந்ததைக் காட்டினார். பார்த்தேன். மோசமில்லை. "கொஞ்சம் இமைமுடி வெச்சிருக்கலாமே," என்றேன். பதிலே இல்லை. என் திறமையைக் கண்டு வாயடைத்துப் போனார்.

தினமும் "கண்ணைச் சரியாப் போடு தம்பி, கண்ணைச் சரியாப் போடு," என்பார். நானும் என் கைவரிசை முழுவதையும் கண்ணில்தான் காட்டினேன். படத்தைத் திருப்பிக் காட்டிய அன்று அழுதவர் அவர்தான். வீட்டம்மா அழுததாகப் போன கடிதத்தில் கை தவறி எழுதிவிட்டேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ஒரு கலைஞனின் அருமை இன்னொரு கலைஞனுக்குத்தான் தெரியும்.

அக்கா உன் குளிர் உடுப்பை எடுத்துப் போனாயா என்று கேட்கிறாள்.

கோபம் பாதி குறைந்த,
மாமா


ஜூன் 21

மாமா,

ஒரு வேடிக்கை சொல்கிறேன், வேடிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்த அன்று வீட்டம்மா ஒரு தாளைக் கொடுத்து, கண்ணாடி பார்த்து என் முகத்தை நானே வரையச் சொன்னார். வருகிற ஓவியர்கள் எல்லோரும் முதலில் செய்வது அதுதானாம். அவை மாடிக்குப் போகும் வழியில் வரிசையாக மாட்டியிருக்கின்றன. உங்களுடையதும் இருக்கிறது. அந்த மீசை உங்களுக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

நேற்று அந்த முகங்களையும், கூடத்துப் படங்களில் மேலே எழும்பி வரும் முகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தீக்கொழுந்து நாயின் பக்கத்தில் நிற்பவர் குதிரைக் கழுத்து வரைந்தவர். நிழல் நாயின் பக்கத்தில் தீக்கொழுந்துக்காரர். அப்படியே கடைசி வரைக்கும். ஒரு படத்தை வரைந்தவர் அடுத்த படத்தில் நாயோடு நிற்கிறார்.

வீட்டம்மாவிடம் கேட்டேன். வாசல் பெருக்குவது இன்று யார் முறை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்: "படம் சரியா வந்தா, நிக்கிறவர் கெளம்பலாம். வரைஞ்சவர் நிப்பார். நாயோட கண்ணை இவ்வளவு நேரம் பார்த்தவங்கதானே அதுக்குப் பழக்கம்?"

"சரியா வரலைன்னா?"

"தொரத்திடுவோம். அது உங்க மாமா ஒருத்தர்தான்."

இன்று காலை நாயை நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அப்போது மாடியிலிருந்து ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தார். நாயின் இடப்பக்கம் போய்க் கையை வைத்தார். நாய் சிலை மாதிரி நின்றது. அவருக்கு என்ன வயதென்று என்னால் சொல்ல முடியவில்லை மாமா. தோல் மெழுகுத்தாள் போல இருக்கிறது. நகக்கண்ணில் நீலம்.

"மாமா சௌக்கியமா?" என்று கேட்டார். "அவர் கண்ணுல மையைத் தீட்டிட்டுப் போயிட்டார். நான் நின்னுட்டேன். ஒங்க வீட்ல படிச்ச பொண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு, கூப்பிடச் சொன்னது நான்தாம்மா."

நீங்கள் சொல்லும் கதைகளைவிட இது நன்றாக இல்லையா?

மருமகள்


ஜூன் 26

மருமகளே,

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டலாம் என்று எடுத்துப் போனேன். ஒருவருக்கும் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் இப்படி நடந்ததில்லை.

கதை என்கிறாய். கதை சொல்கிற ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறவன் நான். அந்தப் பெரியவர் முகம் அப்படி இல்லை. நான் பார்த்தபோதே அவருக்கு எண்பது இருக்கும். அதன் பிறகு நீ பிறந்து, வளர்ந்து, படித்து, ஏணி வைத்து என் சுவரில் ஏறியாயிற்று. கொஞ்சம் யோசித்துப் பார்.

அவர் அழகுக்காக அழவில்லை. இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது.

மாமா ஒன்று சொல்கிறேன், கேள். நாயின் கண்ணுக்கு இமைமுடி வை. நன்றாக நீளமாக வை, நுனியைச் சுருட்டிவிடு. உதடு கொஞ்சம் சிரிக்கட்டும். விரல் ஐந்து போடு, மனசிருந்தால் ஆறு போடு. பிடரியைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். சந்தோஷமாக விழு. செருப்பைப் பற்றிக் கவலைப்படாதே, வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ஒழுங்காக வரைந்துவிடாதே. அது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

மாமா


ஜூலை 2

மாமா,

இப்படி எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பொறாமை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு என்ன சொல்வது? உங்களால் முடியாததை நான் செய்கிறேன். என் படத்தைக் கெடுக்கச் சொல்கிறீர்கள்.

இதுவரை நான் வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம். குதிரையும் இல்லை, தீயும் இல்லை, நீதிபதியும் இல்லை. முதன்முறையாக அந்தச் சுவருக்கு ஒரு நாய் வரப்போகிறது. முதுகில் முடி திரும்பும் இடத்தில் இரண்டு சுழி இருக்கிறது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை எழுந்திருப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டை வீட்டம்மா வைத்த மாதிரியே எடுத்துப் போகிறார்.

நாய் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறது என்று எழுதியிருந்தேன். தவறு. அங்கே யாரும் இல்லை. கண்ணை வரையும்போதுதான் தெரிந்தது. நான் எழுந்து வரப்போகும் வழியை அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும் பாக்கி. அதைக் கடைசியில் வைக்க வேண்டும். பெரியவர் தன் பெட்டியைக் கீழே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். நின்றபடியே சின்னக் குரலில் ஏதோ பாடுகிறார். நல்ல மனிதர்.

இங்கே அமைதியாக இருக்கிறது. இனிமேல் கடிதம் வேண்டாம்.


ஜூலை 5

மருமகளுக்கு,

உன் அம்மா மாடிப்படியில் விழுந்துவிட்டாள். உன் பெயரையே சொல்கிறாள். இதைப் பார்த்ததும் தூரிகையைப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடி. புள்ளியை வந்து வைத்துக்கொள்ளலாம்.

மாமா


ஜூலை 10

மாமா,

இந்தக் கடிதத்தை உங்களுக்கு ஏரிக்கரை வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா விழவில்லை. நான் அழுதுகொண்டு கதவைத் தட்டினால், அம்மா வாயில் சீப்போடு வந்து திறந்தார். "நான் எப்போடி விழுந்தேன்? உங்க மாமன் சொல்லிட்டா நான் விழணுமா?" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சீப்பைக் கீழே போட்டுவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டிருக்கிறது. பஸ்ஸில் ஏரி மறைந்த பிறகுதான் பசி என்று ஒன்று உண்டு என்பது ஞாபகம் வந்தது. இறங்கிய ஊரில் நின்றபடியே ஒரு முழு ரொட்டியைத் தின்றேன்.

பொறாமை என்று எழுதினேனே மாமா. அந்த வரியை மறந்துவிடுங்கள்.

உங்களைத் தேடிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர், "மாஸ்டர் ஏதோ அரண்மனை வேலைன்னு போனார். எல்லா பிரஷ்ஷையும் விட்டுட்டு அந்த ஒத்த முடி பிரஷ்ஷை மட்டும் சட்டைப் பையில குத்திட்டுப் போனார்," என்றார். இமைமுடி எழுதுகிற பிரஷ். நான் வந்த பஸ்ஸும் நீங்கள் போன பஸ்ஸும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டியிருக்கின்றன.

இமைமுடியை வைத்துவிட்டு உடனே வந்துவிடுங்கள். நாயை அதிக நேரம் பார்க்காதீர்கள்.

மருமகள்


ஜூலை 14

அருமை மருமகளுக்கு,

உன் மாமா வந்து இறங்கிய காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும்! வாசலிலேயே வீட்டம்மா அடையாளம் கண்டுகொண்டு, உள்ளே போய் என் இடது கால் செருப்பை எடுத்துவந்து நீட்டினாள். எவ்வளவு மரியாதை! "மருமகள் வேலையை நானே முடிச்சுத் தரேன்," என்றேன். "கண்ணை எழுதிட மாட்டீங்களே?" என்றாள். "சேச்சே," என்றேன். பையில் பிரஷ் குத்தியது.

திட்டம் எளிது. இரண்டு கோடு, நுனியில் சுருட்டு, வெளியே தள்ளுவார்கள், வெள்ளிக்கிழமைக்குள் வீடு. துரத்தப்படுவதில் இந்த வட்டாரத்திலேயே அனுபவம் உள்ள ஒரே ஆள் நான்.

உன் படத்தைப் பார்த்தேன் மருமகளே. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாய் வந்து பெரியவர் கைக்கு அடியில் எதிரே நின்றது. அதன் பாதத்தை எண்ணிப் பார்த்தேன். நான்குதான். இத்தனை வருஷம் எத்தனை சுவர், எத்தனை லாரி, எத்தனை பலகை! ஒரு நாயையாவது குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இமைமுடி எழுதப் போனேன். பிரஷ் கண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. மறுநாளும் அப்படியே. கைநடுக்கம் இல்லை. கை கல் மாதிரி இருக்கிறது. தப்பு செய்ய மாட்டேன் என்கிறது. என் கை, மருமகளே! தப்பைத் தவிர வேறு எதையும் செய்யாத கை.

நாயோடு நிற்காத நேரமெல்லாம் பெரியவர் பெட்டிமேல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார். அவரிடம் சண்டை போடலாம் என்று போனேன். "தம்பி, எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. இப்போ அதுக்குப் பேரன் பேத்தி இருக்கும்," என்றார். என்ன சண்டை போடுவது?

இன்று காலை வீட்டம்மா கேட்டாள்: "ஒங்களால முடியலைன்னா பரவாயில்லை. மருமகளுக்கே மறுபடி எழுதட்டுமா? அவங்க வந்துடுவாங்க. பாதி பழகிட்டாங்க."

வேண்டாம், நானே வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

புள்ளிதானே. ஒரு புள்ளி வைக்க முடியாதா உன் மாமாவால்?

மாமா


ஜூலை 19

மருமகளுக்கு,

படம் முடிந்தது. சரியாக வந்திருக்கிறது. சுவரில் மாட்டிவிட்டார்கள்.

பெரியவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஏரிக்கரை வளைவு வரை தெரிந்தார்.

நான் நாயின் இடப்பக்கம் நிற்கிறேன். முதுகு முடி கைக்கு அடியில் தலைப்பக்கமாக ஓடுகிறது. நீ சொன்ன இரண்டு சுழியும் இருக்கின்றன.

சாப்பாடு வருகிறது. பசி இல்லை.

அக்காவிடம் சொல். நீ இங்கே வர வேண்டாம். அடுத்த நாய்க்கு யாராவது வருவார்கள். அவர்கள் என்னைப் பூசி மறைக்கும்போது கையைக் கடைசியில் மறைத்தால் போதும்.


ஜூலை 27

என் அருமை மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "இது அவன் எழுதலை. ஒரு பொய்கூட இல்லையே." பிறகு எழுந்து எனக்கு ஏணி எடுத்துக் கொடுத்தார்.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் அழித்த இமைமுடியை நானே திரும்ப எழுதிப் பழக வேண்டும் என்று. முடியவில்லை மாமா. எழுத எழுத அது சரியாகவே வருகிறது. உண்மையான நாய்க்கு இருக்கிற மாதிரி, மெல்லியதாக, அளவாக. மோசமானது என்னவென்றால், சுவர் நாயின் கண் மெல்ல என் தோளைத் தாண்டிப் பின்னால் பார்க்கத் தொடங்கிவிட்டது. தெருவில் நாய்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவை சுவரைப் பார்த்ததும் எஜமானரின் கக்கத்தில் முகத்தைப் புதைத்தன. டாக்டர் வெளியே வந்து பார்த்தார், "அழகா இருக்கு, ஆனா வேண்டாம்மா," என்றார்.

நான் ஏணியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா தானாகப் பேச ஆரம்பித்தார். "உங்க மாமன் ஒரு தடவை பாம்பு ஒண்ணைத் தொரத்திட்டு வந்தேன்னான். எவ்ளோ பெருசுடான்னேன். அது தலை நம்ம வாசலைத் தாண்டும்போது வால் தபாலாபீஸுல இருந்துச்சுன்னான். தபாலாபீஸ் அன்னிக்கு லீவுடான்னேன். அதான் வால் வெளியவே நின்னுச்சுன்னான்."

நான் சிரித்தேன். சிரித்த குலுக்கலில் கை வழுக்கியது. இமைமுடி ஒன்று புருவத்தைத் தாண்டிப் போய்ச் சுருண்டது.

"அம்மா, இன்னொண்ணு சொல்லு," என்றேன்.

அம்மா சாயங்காலம் வரை சொன்னார். உங்கள் பொய்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. சொல்லி முடிந்ததும் தானாகச் சிலவற்றைக் கட்டிவிட்டார், அவையும் மோசமில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பூனைக்கூடையோடு வந்த ஒரு பெண் நின்று அண்ணாந்து பார்த்து, "இது என்னங்க, மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா இதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். நாய் நேராக அவரைப் பார்த்துச் சிரித்தது. தோளுக்குப் பின்னால் அல்ல. அந்த நிமிஷமே பெட்டியைக் கட்டினேன்.

நாளைக் காலை பஸ்ஸில் நானும் அம்மாவும் வருகிறோம். உங்கள் ஒற்றை முடி பிரஷ் அங்கேயே இருக்கட்டும், நான் வேறொன்று செய்துகொண்டேன். சுவரில் மாட்டிய படத்துக்குக் கடைசியாக ஒரு தடவை தூசி துடைத்துத் தர வேண்டும் என்று வீட்டம்மாவிடம் கேட்பேன். அது என் வேலை, மறுக்க மாட்டார். தூசித் துணிக்குள் அந்த பிரஷ்ஷோடு நான் ஏணியில் ஏறுவேன். அம்மா கீழே நின்று பாம்புக் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். உங்களுக்கு அது காதில் விழுந்தால், தபாலாபீஸ் லீவு என்று வந்ததும் சத்தமாகச் சொல்லுங்கள், அதனால்தான் வால் வெளியிலேயே நின்றது என்று. அது ஒன்று போதும்.

பிறகு நம் மூன்று பேரையும் துரத்துவார்கள். ஏரிக்கரை வளைவு வரை ஓட வேண்டியிருக்கும். அதனால் இன்றிலிருந்தே இரண்டு செருப்பையும் காலில் போட்டுக்கொண்டு நில்லுங்கள்.

உங்கள் மருமகள்,
கண்மை மாஸ்டர் இரண்டாவது